ஏழு குழிச் சட்டியும் எட்டு வயதுச் சமையல்காரியும்

சென்ற கோடை விடுமுறையில் மதுரையில் ஒரு பாத்திரக்கடையில் ஏழு குழிகள் கொண்ட வார்ப்பிரும்புப் பணியாரச் சட்டி ஒன்றை 900 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கினேன். எங்கள் வீட்டில் பணியாரம் சுடத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இந்தச் சட்டி என் எட்டு வயது மகளுக்காக வாங்கியது. பழங்களை நறுக்கிக் கலப்பது, ரொட்டியில் வெண்ணெய் தடவுவது, அவலை ஊறவைத்து வெல்லம் சேர்ப்பது என்று தீயே படாத சமையல்களை அவளும் நானும் சில மாதங்களாகச் செய்து வந்தோம். ஒரு நாள் அவள், "இதெல்லாம் சமையலே இல்லப்பா, சும்மா கலக்குறதுதான்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தோசைக்கல்லில் மாவைச் சுழற்றி வார்க்க அவளுடைய கைக்கு இன்னும் பழக்கம் போதாது. எண்ணெய் காயும் வாணலிக்குப் பக்கத்தில் அவளை நிறுத்த எனக்குத் துணிவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் பண்டம் பணியாரம்தான் என்று தோன்றியது. நான்கு மாதங்களாக, பெரும்பாலும் சனிக்கிழமைக் காலைகளில், இருவரும் சேர்ந்து சுட்டுப் பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன்.

நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு, இருபுறமும் பிடிப்பதற்கு இரண்டு காதுகள், இவ்வளவுதான் சட்டி. வீட்டுத் தராசில் வைத்தபோது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் காட்டியது. ஒரு குழி எவ்வளவு கொள்ளும் என்பதை மகளே தேக்கரண்டியால் தண்ணீர் ஊற்றி அளந்தாள்: விளிம்புவரை நான்கு தேக்கரண்டி, பணியாரத்துக்கு வேண்டிய முக்கால் குழிக்கு மூன்று. அப்படியானால் ஓர் ஈட்டுக்கு இருபத்தொரு தேக்கரண்டி மாவு வேண்டும், ஒரு கோப்பை மாவில் இரண்டு ஈடு போக இன்னும் இரண்டு பணியாரம் தேறும் என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்த இரண்டும் யாருக்கு என்பதையும் அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

கடையில் இதைப் 'பழக்கிய சட்டி' என்று சொல்லித்தான் விற்றார்கள். அதை நம்பி, வாங்கிய மறுநாளே மாவை ஊற்றினோம். ஏழில் ஐந்து பணியாரங்கள் அடியோடு ஒட்டிக்கொண்டன; சுரண்டி எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டுப் பணியார உப்புமா என்று பெயர் சூட்டி உண்டோம். தேவகோட்டையில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கடைக்காரன் பழக்கினது அவன் அடுப்புக்கு, உன் அடுப்புக்கு நீதான் பழக்கணும்" என்றார். அவர் சொன்னபடி, அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள்கள் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவினோம். பிறகு ஈரம் போகக் காயவைத்து, குழிகளில் நல்லெண்ணெய் தடவிச் சிறுதீயில் சூடேற்றி, பாதியாக வெட்டிய வெங்காயத்தால் ஒவ்வொரு குழியையும் தேய்த்தெடுத்தோம். இதை நான்கு முறை செய்த பின்னரே சட்டி வசத்துக்கு வந்தது. குழந்தைகளுடன் சமைப்பதற்காக இதை வாங்குவோர் முதல் வாரத்தைச் சட்டிக்கே ஒதுக்கிவிட வேண்டும்; ஊறவைத்த தண்ணீர் துருநிறமாக மாறுவதைப் பார்ப்பது என் மகளுக்குப் பணியாரத்தைவிடச் சுவாரசியமாக இருந்தது என்பது வேறு கதை.

இனி, இந்தச் சட்டியின் முதன்மையான சிறப்புக்கு வருகிறேன். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும்; ஏறிய சூட்டை எளிதில் விடாது. இது எல்லோரும் அறிந்த செய்திதான் என்றாலும், குழந்தையோடு சமைக்கும்போது அதன் பயன் முற்றிலும் வேறாக இருக்கிறது. சட்டியைச் சிறுதீயில் ஐந்தாறு நிமிடம் காயவைத்து, குழிகளில் நான் எண்ணெய் விட்டதும் அடுப்பை அணைத்துவிடுகிறேன். அதன் பிறகே மகள் முன்னால் வருகிறாள். தீ எரியாத அடுப்பின் முன் நின்று, அவசரமில்லாமல், ஒரு குழிக்கு மூன்று தேக்கரண்டி என்று எண்ணி ஊற்றுகிறாள். ஏழு குழியும் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது; ஆனாலும் கடைசிக் குழியில் மாவு விழும்போது, முதல் குழியில் கேட்ட அதே 'சுர்' என்ற ஓசை கேட்கிறது. அவள் பின்வாங்கிய பிறகு நான் மீண்டும் தீயை ஏற்றி மூடிவைக்கிறேன். அக்கா வீட்டில் இருக்கும் மெல்லிய அலுமினிய நான்-ஸ்டிக் சட்டியில் இதே முறையைச் செய்து பார்த்தோம். மூன்றாம் குழிக்கு வருவதற்குள் ஓசை அடங்கிவிட்டது. பணியாரங்களும் வெளிறி, சொதசொதவென்று வந்தன. தீயையும் பிள்ளையையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டாம் என்பது எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பிள்ளைகளோடு சமைத்தவர்கள் அறிவார்கள்.

அதே குணமே இதன் பெருங்குறையும் ஆகும். அடுப்பிலிருந்து இறக்கிக் கால் மணி நேரம் கழிந்த பிறகும் சட்டி சுடும். பார்வைக்கோ ஆறிய சட்டிக்கும் சூடான சட்டிக்கும் வேற்றுமை தெரியாது, இரண்டும் ஒரே கறுப்பு. இரண்டாம் வாரம் உண்டு முடித்துப் பாத்திரங்களை ஒதுக்கும்போது, ஆறியிருக்கும் என்ற நினைப்பில் காதைப் பிடித்துத் தூக்கி, இரண்டு விரல்களைச் சுட்டுக்கொண்டவன் நானே. காதுகளும் சட்டியோடு ஒரே வார்ப்பாக இருப்பதால் அவையும் அதே அளவுக்குக் கொதிக்கின்றன. மரப்பிடியோ வேறு காப்போ கிடையாது. அன்று முதல் சட்டி சூடாக இருக்கும்வரை அதன்மேல் குறுக்காக ஒரு மரக்கரண்டியை வைப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கரண்டி இருந்தால் யாரும் தொடக் கூடாது. கரண்டியை எடுக்கும் உரிமை பெரியவர்களுக்கு மட்டுமே. இதை என்னைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவள் மகள்தான். தூக்கும் வேலையை அவளிடம் எப்போதும் விட்டதில்லை, இன்னும் பல ஆண்டுகள் விடப்போவதுமில்லை. இரண்டு கிலோ இரும்பு, கரித்துணியோடு பிடித்தாலும், சிறு கைக்கு ஏற்றதன்று.

பணியாரத்தைத் திருப்புவதுதான் கலை. சட்டியோடு கொடுத்த கம்பி, பெயருக்கு ஒரு குச்சி. நுனி மழுங்கியும் உடல் குட்டையாகவும் இருந்ததால் விரல்கள் சட்டியை ஒட்டியே வந்தன. அதை ஒதுக்கிவிட்டு, நீளமான மூங்கில் குச்சி ஒன்றை வாங்கினேன். அதில் குத்தாமல், பணியாரத்தின் ஓரத்தில் செருகிச் சறுக்கித் திருப்ப வேண்டும் என்பதை மகள் நான்காம் வாரத்தில் பிடித்துக்கொண்டாள். முதலில் முழுவதும் கவிழ்க்காமல் கால்வாசி மட்டும் சாய்த்தால், உள்ளே வேகாமல் இருக்கும் மாவு குழிக்குள் வழிந்து மறுபாதி உருண்டையாக எழும். அரை நிமிடம் விட்டு மீதியைத் திருப்பினால் பந்து போல வரும். ஜப்பானில் தகோயாகி என்ற உருண்டைப் பண்டத்தைச் சுடுபவர்களும் இதைப் போன்ற குழிச் சட்டியில் இப்படித்தான் சாய்த்துச் சாய்த்துத் திருப்புகிறார்கள். திருப்பும் நேரத்திலும் அடுப்பை அணைத்துவிடலாம். இரும்பின் சூடே போதும்.

செய்து பார்த்தவற்றில் குழந்தைக் கைக்கு மிகவும் ஏற்றது காரப் பணியாரம். புளிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் இட்லி மாவு இரண்டு கோப்பை, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், துருவிய கேரட், கிள்ளிய கறிவேப்பிலை, இவ்வளவே. வெங்காயத்தைத் தண்ணீரில் சிறிது நேரம் போட்டு உரிப்பது, கறிவேப்பிலையைக் கிள்ளுவது, கேரட்டைத் துருவுவது எல்லாம் அவளுடைய பொறுப்பு. துருவலின் கடைசித் துண்டை மட்டும் துருவாமல் தின்றுவிட வேண்டும் என்பது விதி, விரல் தப்பிக்கும். கடுகும் கடலைப்பருப்பும் தாளிப்பது என் வேலை, அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் இருக்கக் கூடாது. வெங்காயத்தில் ஈரம் நின்றால் எண்ணெய் தெறிக்கும் என்பதால், நறுக்குவதற்கு முன் துணியில் ஒற்றி எடுப்பதையும் அவளே செய்கிறாள். பச்சை மிளகாய்க்குப் பதிலாகச் சிறிது இஞ்சி சேர்த்தோம்.

இனிப்புப் பணியாரம் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. ஒரு கோப்பைக் கோதுமை மாவு, கால் கோப்பை அரிசி மாவு, முக்கால் கோப்பை வெல்லம், நன்கு கனிந்த பூவன் பழம் இரண்டு, ஏலக்காய், ஒரு சிட்டிகை சமையல் சோடா. வெல்லத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து வடிகட்டியபோது வடிகட்டியின் அடியில் நின்ற மண்ணைக் கண்டு அவள் அதிர்ந்துபோனாள். இனிமேல் வெல்லத்தை அப்படியே கடிக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். பழம் மசிப்பது கைக்கு இன்பமான வேலை, அதில் சட்டைக்கும் பங்கு உண்டு. ஆனால் வெல்லம் சேர்ந்த மாவு வெகு விரைவில் அடிப்பிடித்துக் கருகுகிறது. சட்டி பழகாத முதல் மாதத்தில் செய்த ஈடு முழுவதும் வீணாயிற்று. காரப் பணியாரத்தால் ஒரு மாதம் எண்ணெய் ஏறிய பிறகு, தீயை இன்னும் குறைத்து, எண்ணெய்க்குப் பதில் நெய் விட்டுச் செய்தபோதுதான் வெளியே பொன்னிறமும் உள்ளே பஞ்சும் வாய்த்தன. முட்டையை அடித்து ஊற்றுவது இன்னும் கடினம். ஒரு முட்டை ஏறத்தாழ மூன்று குழிக்கு வரும், மூன்றில் ஒன்றாவது ஒட்டிக்கொள்ளும். அதற்கு மட்டும் அக்கா வீட்டு நான்-ஸ்டிக் சட்டியே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

நடுக்குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அடுப்பின் சிறிய பர்னரில் வைத்தால் நடுக்குழி மற்ற ஆறையும்விட முன்னதாகக் காய்ந்து, அதன் பணியாரம் மட்டும் கருகிவிடுகிறது. சுற்றுக் குழிகளை முதலில் நிரப்பி, நடுவில் கடைசியாக ஊற்றி, முதலில் எடுத்தால் சரியாகிவிடும். இந்த வரிசையைக் கண்டுபிடித்தவள் மகள். நான் பெரிய பர்னருக்கு மாற்றலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்பு வைத்திருப்பவர்கள் இதை வாங்குமுன் தயங்க வேண்டும். இரும்பு அந்த அடுப்புக்கு ஒத்த உலோகமே என்றாலும், அடிப்பக்கம் தட்டையாக இல்லாமல் குழிகளாகத் தொங்குவதால் அடுப்பின் பரப்பில் சரியாகப் படியாது.

பராமரிப்பு, சிறு வேலை ஆனால் தவறக் கூடாத வேலை. ஒரு முறை கழுவும் தொட்டியில் இரவு முழுவதும் ஊறவிட்டோம். காலையில் குழிதோறும் செந்துரு. மறுபடியும் அரிசித் தண்ணீர், மறுபடியும் வெங்காயம். இப்போது இளஞ்சூட்டிலேயே துணியால் துடைத்து, தேவையானால் மட்டும் வெந்நீரில் அலசி, அடுப்பில் ஈரம் போக்கி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வைக்கிறோம். புளியோ தக்காளியோ சேர்ந்த எதையும் இதில் வைப்பதில்லை. புளிப்பு, பாடுபட்டு ஏற்றிய எண்ணெய்ப் பூச்சை அரித்துவிடும். இரும்புச் சட்டியில் சமைத்தால் பிள்ளைக்கு இரும்புச்சத்து கிடைக்கும் என்று கடைக்காரர் விரிவாகச் சொன்னார். ஈரமும் புளிப்பும் உள்ள பதார்த்தம் நெடுநேரம் கொதித்தால் இரும்பு சிறிது இறங்கும் என்பது உண்மை. சில நிமிடத்தில், எண்ணெய் பூசிய குழியில் வெந்தெழும் பணியாரத்துக்காக அந்தக் காரணத்தைச் சொல்லி விற்பது சற்று அதிகம்.

மூடியைப் பற்றிய மனக்குறை இன்னும் தீரவில்லை. சட்டியுடன் வந்த மெல்லிய மூடி இரு காதுகளிலும் இடித்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆவி முழுவதும் அந்த இடைவெளியில் போய்விடுகிறது. மாற்றித் தரக் கேட்டபோது, எல்லாச் சட்டிக்கும் அதே மூடிதான் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். இப்போது பழைய இட்லிக் கொப்பரையின் குவிந்த மூடியைக் கவிழ்த்து மூடுகிறோம். அது பொருந்துகிறது, பணியாரம் எழுவதற்கு இடமும் தருகிறது.

பன்னிரண்டு குழிச் சட்டியும் அதே கடையில் இருந்தது. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. குடும்பம் பெரிது, சமைப்பவர் பெரியவர் என்றால் அதுவே சிக்கனம். பிள்ளையோடு சமைக்க வாங்குவோருக்கு ஏழு குழியையே பரிந்துரைப்பேன்: பன்னிரண்டையும் சிறு கை நிரப்பி முடிப்பதற்குள் அணைத்த அடுப்பின் சூடு அவ்வளவு நேரம் தாங்காது, முதல் குழி திருப்பும் பருவத்தையும் கடந்துவிடும். ஏழு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு மாவு கலக்கும் வேலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சட்டியின் விலையோடு நல்ல மூங்கில் குச்சிக்கும், தடித்த கரித்துணி இரண்டுக்கும், சரியான மூடிக்கும் தனியாக 200 ரூபாயாவது எடுத்துவையுங்கள்.