கன்வின்ஸா, பெர்சுவேடா? கடிதத்தில் எதை எழுதுவது

பேச்சில் இந்த இரண்டுக்கும் போட்டியே கிடையாது. "வீட்ல கன்வின்ஸ் பண்ணிட்டேன்" என்பதுதான் சேலம் முழுக்க வழக்கு. "பெர்சுவேட் பண்ணிட்டேன்" என்று ஐந்து ரோட்டில் நின்று சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் எழுதும்போது கதை வேறு. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்காக வெளிமாநில வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் போடுவது என் வேலை. அதில் நான் பெர்சுவேட் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

பொருள் வேறுபாடு தெரிந்ததுதான்: கன்வின்ஸ் என்றால் நம்பவைப்பது, பெர்சுவேட் என்றால் இணங்கவைப்பது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயப்படும் தாத்தாவிடம், பாதை ஆபத்தில்லாதது என்று எடுத்துச் சொல்கிறோம். அவரும் தலையாட்டுகிறார், ஆனால் பஸ் ஏற மறுக்கிறார். கன்வின்ஸ் ஆகிவிட்டார், பெர்சுவேட் ஆகவில்லை. கோடை விழா மலர்க் கண்காட்சியைக் காட்டுகிறோம் என்று ஆசை காட்டினால், வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்துவிடுவார். அப்போது பெர்சுவேட் ஆகிவிட்டார், கன்வின்ஸ் ஆகவில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது இந்தப் பொருள் வேறுபாடு அல்ல, அடுத்து என்ன சொல் வருகிறது என்பதுதான். கன்வின்ஸுக்குப் பின்னால் 'தட்' அல்லது 'ஆஃப்' வந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. 'டு' போட்டு ஒரு வினைச்சொல்லைச் சேர்த்தால்தான் சிக்கல். 'கன்வின்ஸ்டு ஹிம் டு பை' என்ற அமைப்பு 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பரவியது. இன்று அகராதிகளே அதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனாலும் பழைய பள்ளியில் படித்தவர்கள் அதன் கீழே சிவப்புக் கோடு போடுவார்கள். பெர்சுவேடில் அந்தத் தொல்லை இல்லை. 'பெர்சுவேடட் ஹிம் டு பை' சரி, 'பெர்சுவேடட் ஹிம் தட்' என்றாலும் சரி, 'ஆஃப்' போட்டாலும் சரி. வாங்குபவர் எந்தக் காலத்து ஆங்கிலம் படித்தவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லா இடத்திலும் செல்லும் நோட்டைக் கையில் வைத்துக்கொள்வதுதான் புத்தி. அமெரிக்க நிறுவனங்களுக்கு நான் எழுதிப் பழகியதில்லை. அங்கே இந்தக் கவலை தேவைப்படாமல் இருக்கலாம்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தமிழில் "எவ்வளவோ கன்வின்ஸ் பண்ணேன், கேக்கவே இல்ல" என்கிறோம். நம் பேச்சில் கன்வின்ஸ் என்பது முயற்சி மட்டும்தான், பலித்ததா இல்லையா என்பதை அடுத்த வாக்கியம் சொல்லும். ஆங்கிலத்திலோ இரண்டு சொல்லுக்குள்ளேயும் வெற்றி அடங்கியிருக்கிறது. 'ஐ பெர்சுவேடட் ஹிம், பட் ஹி ரெஃப்யூஸ்டு' என்று எழுதினால், சம்மதித்தவர் எப்படி மறுத்தார் என்று படிப்பவர் குழம்புவார். முன்னால் 'ட்ரைடு டு' சேர்க்க வேண்டும், இல்லையென்றால் 'அர்ஜ்' என்று மாற்ற வேண்டும். ஆர்டர் கிடைக்காத விஷயத்தை எழுதும்போது, கிடைத்துவிட்டது என்ற அர்த்தம் வந்தால் முதலாளிக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கன்வின்ஸைத் தூக்கி எறியவும் இல்லை. கொலுசு எத்தனை டச் என்று உரசிக் காட்டி வெள்ளியின் தரத்தை நிரூபிக்கும்போது அதுதான் பொருத்தம், ஏனென்றால் அங்கே கேட்பது நம்பிக்கை மட்டும்தான், பணம் அப்புறம். லத்தீன் வேரும் அதற்கு ஒத்துவருகிறது. 'வின்கெரே' என்றால் வெல்லுதல், அதாவது ஆதாரத்தால் எதிராளியை வாயடைக்க வைப்பது. பெர்சுவேடின் வேரான 'சுவாதெரே'வுக்கு அறிவுரை சொல்லுதல், தூண்டுதல் என்று பொருள். வியாபாரிக்கு இதுதான் தோது.

பெயர்ச்சொல்லாக மாற்றும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'கன்விக்ஷன்' உறுதியான நம்பிக்கையையும் குறிக்கும், நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பாவதையும் குறிக்கும். எங்கள் முதலாளிக்கு நிறைய கன்விக்ஷன் உண்டு என்று எழுதிவிட்டு, பிறகு விளக்கக் கடிதம் போட வேண்டாம்.