குவார்ட்டரை ‘ஒண்ணு’ என்று எழுதாதீர்கள்: ஆடிட் கேள்வித்தாள், ஒரு மதிப்பீடு

ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) மாத்திரை வாங்க வருபவரிடம் ‘குடிப்பீங்களா?’ என்று கேட்டால், ‘எப்பவாச்சும்’ என்றுதான் பதில் வரும். அந்த ‘எப்பவாச்சும்’ எவ்வளவு என்று காட்டுவது உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்வித்தாள். பத்துக் கேள்விகள், ஐந்து நிமிடத்துக்குள் முடியும், செலவில்லை. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே கவனிக்க வேண்டும். சென்னையில் தாராளமாகப் பயன்படுத்தலாம், அளவுக் கணக்கை மட்டும் நம்மூருக்கு மாற்றிக்கொண்டால்.

இதில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 10 கிராம் ஆல்கஹால். இங்கே யார் அப்படி அளந்து குடிக்கிறார்கள்? கட்டிங், குவார்ட்டர், ஆஃப், இதுதான் கணக்கு. டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி, எடைக்குச் சுமார் 61 கிராம். ஆக, குவார்ட்டர் ஆறு டிரிங்க், கட்டிங் மூன்று. 650 மில்லி பீர் 5 சதவீதமானால் இரண்டரை, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு.

சனி, ஞாயிறு மட்டும் ஒரு குவார்ட்டர் போடுகிறவரை எடுத்துக்கொள்வோம். எத்தனை நாள் என்ற முதல் கேள்விக்கு 3. எவ்வளவு என்ற இரண்டாவதில் ‘ஒண்ணு’ என்று குறித்தால் 0, ஆறு என்று குறித்தால் 2. ஒரே தடவையில் ஆறும் அதற்கு மேலும் எத்தனை முறை என்பது மூன்றாவது. வாராவாரம் என்பதால் 3. சரியாகப் போட்டால் மூன்று கேள்வியிலேயே 8 வந்துவிடுகிறது. தப்பாகப் போட்டால் வெறும் 3, ஆளை அனுப்பிவிடுவார்கள்.

கூட்டம் அதிகமான நாளில் இந்த முதல் மூன்று மட்டும் போதும்: ஆணுக்கு 4, பெண்ணுக்கு 3 தொட்டால் மீதி ஏழையும் கேளுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. மனைவியோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மை வராது. மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமும் உண்டு. ‘என்ன சொன்னாலும் மாத்திரை நிக்காது’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தாளில் இல்லாத ஒரு கேள்வியை நாமே சேர்க்க வேண்டும்: ‘குடிச்ச அன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?’ இரண்டும் சேர்ந்தால் விஷம் என்று நம்பி மாத்திரையை விடுபவர்கள் உண்டு. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையைக் குடித்த நாளிலும் போடலாம், போடத்தான் வேண்டும். விட்டுவிட்டுப் போட்டால் வைரஸ் தலைதூக்கும். காசநோய்த் தடுப்புக்கான ஐசோனியசிட் வேறு சங்கதி. அதோடு குடி சேர்ந்தால் கல்லீரல் தாங்காது, மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

மொத்த மதிப்பெண் 8 முதல் 15 வரை என்றால் எளிய அறிவுரை, 16 முதல் 19 வரை தொடர் ஆலோசனை. 20-ம் அதற்கு மேலும் வந்தவரிடம் ‘நாளையிலிருந்து தொடாதீங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆபத்து. திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போன்ற இடத்துக்கு, மருத்துவர் பார்வையில் நிறுத்தும்படி அனுப்புங்கள்.

ஃபைலில் எண்ணை மட்டும் எழுதாமல் ‘சனி-ஞாயிறு, ஒரு குவார்ட்டர்’ என்றும் குறித்துவையுங்கள். அடுத்த முறை வேறொரு ஆலோசகர் கேட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.