0–18 கிலோ கார் சீட்: ஒற்றை நட்சத்திரம் போடும் முன்

காரின் சீட் பெல்ட்டை வைத்தே கட்டுகிற 0–18 கிலோ குழந்தை சீட்டுக்கு ஆன்லைன் கடைகளில் விழும் விமர்சனங்களைப் படித்தால் தலை சுற்றும். ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு “துணி சூப்பர்” என்பார். அடுத்தவர் ஒற்றை நட்சத்திரம் போட்டு “ஆடுது, வேஸ்ட்” என்பார். வாங்கப் போகிறவருக்கு இரண்டாலும் பயனில்லை. ஆடுகிறது, தலை தொங்குகிறது, வார் இறுகவில்லை, பக்கிள் மாட்டவில்லை என்று வரும் புகார்களில் முக்கால்வாசி பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். மிச்சம் உள்ளவை சீட்டின் பிறவிக் குறைகள். அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்கலாம், அல்லது வாங்காமல் விடலாம்.

எந்த வகையைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுவோம். விலை சுமார் 5,000 முதல் 10,000 ரூபாய். கார் இருக்கையிலுள்ள உலோகக் கம்பிகளில் நேரடியாக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி கிடையாது. 13 கிலோ வரை குழந்தை காரின் பின்புறம் பார்த்தும், 9 கிலோவுக்கு மேல் முன்புறம் பார்த்தும் உட்காரும். குழந்தையைத் தோள், இடுப்பு, கால்களுக்கு நடுவே என்று பிடித்துக்கொள்ளும் ஐந்து முனை ஹார்னஸ், அதாவது வார். பிராண்டு மாறினாலும் கட்டும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். பக்கவாட்டிலோ அடியிலோ ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். அதில் வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும், கீழே 04 என்று தொடங்கும் அனுமதி எண்ணும் இருக்கும். குழந்தை சீட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான ஈசிஇ ஆர்44/04-இல் தேறியதற்கு அதுதான் அடையாளம். ஸ்டிக்கர் இல்லாத சீட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

பெல்ட் எட்டவில்லை

சரியே செய்ய முடியாத சிக்கல் இது என்பதால் முதலில் இதைப் பார்ப்போம். பின்புறம் பார்த்துக் கட்டும்போது காரின் பெல்ட் நீண்ட சுற்றுப் போக வேண்டும். இடுப்புப் பகுதி குழந்தையின் கால் பக்கமாக, இரண்டு நீல நிறக் கொக்கிகளுக்குள் நுழைந்து பக்கிளில் மாட்டும். தோள் பகுதி சீட்டின் முதுகைச் சுற்றி, பின்னாலுள்ள நீலக் கொக்கியில் விழுந்து திரும்பும். சிறிய ஹேட்ச்பேக் சிலவற்றில் பின் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தாலும் அவ்வளவு நீளம் வராது. ஐந்தாறு சென்டிமீட்டர் குறைந்தாலும் குறைவுதான். பெல்ட் எக்ஸ்டென்ஷன் வாங்கி ஒட்டுப் போடக் கூடாது. சீட் சோதிக்கப்பட்டது அதோடு சேர்த்து அல்ல. தோள் பகுதியைச் சுற்றாமல் இடுப்புப் பகுதியை மட்டும் மாட்டிவிட்டுப் போவதும் கூடாது.

செய்யக்கூடியது ஒன்றுதான். கடையில் வாங்கினால், சீட்டைக் காருக்கு எடுத்து வந்து கட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆன்லைன் என்றால் அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, அன்றைக்கே காரில் வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் எட்டாவிட்டால் வலப்பக்கமும் முயன்று பார்க்கலாம், சில கார்களில் வித்தியாசம் இருக்கும். பழைய கார்களில் நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். இந்தச் சீட்டுக்கு அது போதாது.

கட்டியும் ஆடுகிறது

எங்கே பிடித்து ஆட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டினால் எந்தச் சீட்டும் ஆடும், குறிப்பாகப் பின்புறம் பார்த்துக் கட்டியது. பெல்ட் நுழைகிற இடத்தில் கைவைத்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்குள் நகர்ந்தால் சரி. அதற்கு மேல் போனால் பெல்ட் தளர்வு.

தளர்வுக்குக் காரணம் பெரும்பாலும் பலக்குறைவு அல்ல, இழுக்கும் வரிசை. பக்கிளை மாட்டிய பிறகு ஒரு முழங்காலைச் சீட்டின் மேல் ஊன்றி, உடல் எடையைக் கொடுத்துக் கார் மெத்தைக்குள் அழுத்த வேண்டும். அழுத்திய நிலையிலேயே முதலில் இடுப்புப் பகுதியின் தொய்வைத் தோள் பகுதி வழியாக இழுத்து எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் தோள் பகுதியைச் சுருளுக்குள் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே இழுப்பில் செய்தால் இடுப்பில் தொய்வு தங்கிவிடும்.

இன்னொரு குழப்பம், அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வருவது. பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் டக் டக் என்று பூட்டிக்கொள்ளும் என்று அதில் காட்டுவார்கள். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலான பெல்ட்டுகள் திடீரென்று இழுபட்டால் மட்டுமே பூட்டும்; மெதுவாக இழுத்தால் கடைசி வரை தாராளமாக வரும். அதனால் முன்புறம் பார்த்துக் கட்டும்போது, சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு நிறக் கவ்வியைத் திறந்து, தோள் பெல்ட்டை அதற்குள் வைத்து மூடியாக வேண்டும். இதை மறந்தால் காலையில் இறுக்கமாக இருந்தது மாலையில் தளர்ந்திருக்கும். நீலம் பின்பார்வைக்கு, சிவப்பு முன்பார்வைக்கு. வழி மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் தவறுதான்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு கோணத்தில் ஆடினால் கார் பக்கிளின் தலையைப் பாருங்கள். தண்டு நீளமாக இருந்தால் பக்கிள் மேலே வந்து, சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின்மேல் வளைந்து உட்கார்ந்திருக்கும். அது தளர்வு மட்டுமல்ல, மோதலில் பக்கிளே உடையக்கூடிய நிலை. அந்த இருக்கையை விட்டு வேறு இருக்கைக்கு மாற வேண்டும். அங்கும் அப்படித்தான் என்றால் இந்தக் காருக்கு இந்தச் சீட் இல்லை.

தூங்கினால் தலை முன்னால் விழுகிறது

இதை “மெத்தை சரியில்லை” என்று எழுதுகிறார்கள். மெத்தையால் வருவதல்ல, சாய்வால் வருவது. கார் இருக்கை முன் விளிம்பில் உயர்ந்து, முதுகுப் பக்கம் தாழ்ந்திருக்கும். அதன்மேல் பின்பார்வையாக வைத்தால் குழந்தை சீட் நிமிர்ந்துவிடும். தாடை நெஞ்சில் இடிக்கும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை, மூச்சுக்குழல் மடங்கும்.

சாய்வு நெம்புகோல் கடைசி நிலைக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்பார்வைக்கு அதுதான் நிலை. பிறகு காரைச் சமதளத்தில் நிறுத்தி, சீட்டின் பக்கத்தில் உள்ள கோடு தரைக்கு இணையாக வருகிறதா என்று பாருங்கள். பச்சைக் குழந்தைக்கு ஏறக்குறைய 45 டிகிரி சாய்வு வேண்டும். போதவில்லையென்றால், கையேடு அனுமதித்தால், ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி, கார் மெத்தையும் முதுகும் சேரும் இடுக்கில் வையுங்கள். கால் பக்கம் உயர்ந்தால் தலைப்பக்கம் தானாகச் சாயும். கழுத்தைச் சுற்றி வைக்கும் தலையணை, முதுகுக்குப் பின்னால் திணிக்கும் மெத்தை என்று தனியாக விற்பதெல்லாம் வேண்டாம். சீட்டோடு வந்த சிறு மெத்தை மட்டும் போதும், அதையும் கையேடு சொல்லும் எடை வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

குலதெய்வக் கோயிலுக்கு ஐந்து மணி நேரப் பயணம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள். பச்சைக் குழந்தைக்கு இன்னும் அடிக்கடி. வீட்டுக்கு வந்த பிறகு, தூங்குகிறதே என்று சீட்டிலேயே விட்டுவைப்பதும் நல்லதல்ல.

வார்: பாதிப் புகார் இங்கேதான்

“எவ்வளவு இழுத்தாலும் இறுகவில்லை.” முதலில் தொய்வு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அது பெரும்பாலும் இடுப்பில், தொடைக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். இடுப்பு வாரை இரண்டு கையாலும் மேல்நோக்கித் தோள் பக்கம் இழுத்துவிட்டு, அதன் பிறகு முன்னால் தொங்கும் ஒற்றை வாரை இழுங்கள். இறுக்கம் போதுமா என்று பார்க்க, காறை எலும்புக்கு மேலே வாரை மேலும் கீழுமாகக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்பு சிக்கினால் இன்னும் தளர்வு. விரல் வழுக்கிப் போனால் சரி.

“தளர்த்த முடியவில்லை.” முன்னால் துணி மடிப்புக்கு அடியில் இருக்கும் பொத்தானை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் இரண்டு தோள் வார்களையும் சேர்த்து இழுக்க வேண்டும். பலர் தோள் பஞ்சைப் பிடித்து இழுக்கிறார்கள். பஞ்சு சீட்டின் பின்புறம் தனியாகக் கட்டப்பட்டிருக்கும். அதை இழுத்தால் எதுவும் நகராது. பஞ்சுக்கு அடியில் விரலை விட்டு வாரையே பிடியுங்கள்.

“ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.” சீட்டைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். இரண்டு தோள் வார்களின் முனையும் ஒரு உலோகத் தட்டில் கொக்கியிட்டிருக்கும். ஒரு முனை அரைகுறையாக மாட்டியிருக்கும், அல்லது முறுக்கிக்கொண்டிருக்கும். கழற்றி, நேராக்கி, கொக்கியின் அடி வரை தள்ளி மாட்டுங்கள். அரைகுறையாக விட்டால் மோதலில் அந்தப் பக்கம் அவிழ்ந்துவிடும்.

“குழந்தை கையை வெளியே எடுத்துவிடுகிறது.” குழந்தையின் சாமர்த்தியம் ஒரு பக்கம் இருக்கட்டும், வார் நுழையும் துளையின் உயரத்தைப் பாருங்கள். பின்பார்வையில் துளை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். முன்பார்வையில் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். மாதாமாதம் வளரும் குழந்தைக்கு இதை யாரும் மாற்றுவதில்லை.

மாற்றாததற்குக் காரணமும் உண்டு. இந்த விலைச் சீட்டுகளின் பெரிய வடிவமைப்புக் குறை அதுதான். விலை கூடிய சீட்டில் தலைப்பகுதியை மேலே இழுத்தால் வாரும் கூடவே உயரும். இதில் ஒவ்வொரு முறையும் பின்னால் கொக்கியைக் கழற்றி, வாரை முன்னால் உருவி, வேறு துளைக்குள் விட வேண்டும். துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக் என்று மூன்று அடுக்கு. மூன்றிலும் ஒரே உயரத் துளைக்குள் வார் போக வேண்டும். துணியில் இரண்டாவது, பிளாஸ்டிக்கில் மூன்றாவது என்று மாறிவிட்டால் வார் வளைந்து சிக்கும், பிறகு இறுகவே இறுகாது. கழற்றும் முன் பின்புறத்தை மொபைலில் நாலு படம் எடுத்துவைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். இதற்கு ஒரு நட்சத்திரம் கழித்தே ஆக வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் பயணத்தில் ஒன்று. துணியில் சுற்றிக் கட்டிய குழந்தையை அப்படியே சீட்டில் வைத்தால் கால்களுக்கு நடுவே வார் போகாது. சுற்றிய துணியை அவிழ்த்து, ஹார்னஸை மாட்டி இறுக்கிய பிறகு அதே துணியை மேலே போர்த்துங்கள்.

பக்கிள்

ஹார்னஸ் பக்கிளில், இரண்டு உலோக நாக்குகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, சேர்த்தே உள்ளே தள்ள வேண்டும். ஒன்றை மட்டும் தள்ளினால் பூட்டாது. அது பழுதல்ல, அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. சிவப்புப் பொத்தான் கடினமாக இருப்பதும் வேண்டுமென்றே செய்ததுதான். தரவிதிப்படி திறக்க 40 முதல் 80 நியூட்டன் விசை வேண்டும்; அதாவது 4 முதல் 8 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். பிஞ்சு விரலால் ஆகாது. பெரியவர்களுக்கும் கடினமாக இருந்தால், முதலில் வாரைத் தளர்த்திவிட்டு அழுத்துங்கள்.

முன்பு பூட்டியது இப்போது பூட்டவில்லை என்றால் பிஸ்கட் தூள், காய்ந்த பால் என்று ஏதாவது உள்ளே போயிருக்கும். சீட்டைக் கவிழ்த்துத் தட்டுங்கள். போகவில்லையென்றால், கையேடு அனுமதித்தால், பக்கிளை மட்டும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, பொத்தானைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்துங்கள். நிழலில் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எதுவும் வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும். பிறகு மாட்டி, ‘க்ளிக்’ கேட்டதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

வெயிலும் துணியும்

சித்திரை மாத வெயிலில் நிறுத்திய காரில் உலோக நாக்கு தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போது சீட்டின்மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டுப் போங்கள். ஏற்றும் முன் நாக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். முதுகில் வேர்க்கிறது என்ற புகார் உண்மைதான். பாலியஸ்டர் துணியும் தெர்மாகோலும் காற்றை விடாது. ஏசியைப் போட்டுக் காரைக் குளிர்வித்த பிறகு, மெல்லிய பருத்திச் சட்டையோடு உட்காரவையுங்கள். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

உறையை 30 டிகிரியில் மென்மையாகத் துவைக்கலாம். வாரை வாஷிங் மெஷினில் போடக் கூடாது. பிளீச், இஸ்திரி கூடவே கூடாது, நாரின் வலிமை போய்விடும். ஈரத்துணியும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும்.

வாங்கலாமா?

கார் இருக்கையின் மெத்தைக்கும் முதுகுக்கும் இடையே கையை விட்டுப் பாருங்கள். 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோகக் கம்பிகள் தட்டுப்பட்டால் உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் இருக்கிறது. அப்படியானால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து ஐசோஃபிக்ஸ் சீட் வாங்குங்கள். பெல்ட் தளர்வு என்ற தலைவலியே இருக்காது. கம்பி இல்லாத பழைய கார், பெல்ட்டும் எட்டுகிறது என்றால் இந்த வகைச் சீட் தாராளமாகப் போதும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். சின்னக் காரில் பின்பார்வைக்காக முன் சீட்டை நகர்த்தினால், அங்கே உட்காருபவரின் முழங்கால் டாஷ்போர்டில் இடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அதற்காகக் குழந்தை சீட்டை முன்னால் கொண்டுபோகாதீர்கள். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்பார்வைச் சீட் உயிருக்கே ஆபத்து.

9 கிலோ ஆனதுமே முன்பக்கம் திருப்பிவிட அவசரம் வேண்டாம். கால் மடங்குகிறது என்பது காரணமே இல்லை. குழந்தைகள் சம்மணம் போட்டுக்கொள்வார்கள். தலை உச்சி குழந்தை சீட்டின் மேல் விளிம்பைத் தாண்டும் வரை, அல்லது 13 கிலோ ஆகும் வரை, பின்பார்வைதான் கழுத்துக்கு நல்லது.

“மடியில் வைத்துக்கொண்டால் போச்சு” என்பவர்களுக்கு ஒரு தகவல்: 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

பழைய சீட் வாங்குவதாக இருந்தால், அடியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். விபத்தில் சிக்கியதா என்று கேட்டு, நம்பிக்கையான பதில் வந்தால் மட்டும் வாங்குங்கள். குழந்தை இல்லாமல் போகும் நாளிலும் சீட்டைப் பெல்ட்டில் கட்டியே வையுங்கள், இல்லையென்றால் டிக்கியில் போட்டுவிடுங்கள். சடன் பிரேக் போட்டால் காலியான சீட் நேராக ஓட்டுநரின் முதுகில்தான் வந்து மோதும்.