பிப்ரவரி 1-க்குப் பிறகுதான் பட்ஜெட்: நாடாளுமன்றத்தைப் பின்தொடரும் என் அனுபவம்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். அதனால் மசோதாவும் பட்ஜெட்டும் என் பிழைப்போடு சேர்ந்த விஷயம். பல வருடங்களாக நான்கு இடங்களைப் பயன்படுத்தி வருகிறேன்: நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளம், நிதி அமைச்சகத்தின் பட்ஜெட் தளம், டெல்லியில் இயங்கும் பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் அமைப்பின் மசோதாப் பக்கங்கள், சன்சத் டிவி. நான்குக்கும் காசு கிடையாது. எது எதற்கு உதவும் என்பது பிடிபட ரொம்ப நாள் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

பிப்ரவரி 1 அன்று நிதி அமைச்சர் வாசிப்பது முன்மொழிவு மட்டும்தான். அன்று இரவே டிவியில் எல்லாம் பேசி முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வரி மாற்றங்களைச் சட்டமாக்கும் நிதி மசோதா மக்களவையில் நிறைவேறுவது வழக்கமாக மார்ச் கடைசியில். அந்த இடைவெளியில் நடப்பதுதான் நம் பாக்கெட்டைத் தொடுகிறது.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 24 அன்று நிதி மசோதா 64 அரசுத் திருத்தங்களோடு மக்களவையில் நிறைவேறியது. அதில் ஒரு திருத்தம், பங்குகளில் 35 சதவீதத்துக்கு மேல் போடாத மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இருந்த நீண்டகால மூலதன ஆதாயச் சலுகையை (சில ஆண்டு வைத்திருந்து விற்றால் லாபத்துக்குக் குறைந்த வரி) எடுத்துவிட்டது. ஏப்ரல் 1 முதல் செய்யும் முதலீட்டுக்கு அது பொருந்தும். பிப்ரவரி 1-இல் தாக்கலான மசோதாவில் இந்த ஃபண்டுகளுக்கு இப்படி ஒரு மாற்றம் வரும் என்றே இல்லை. பட்ஜெட் உரையை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவருக்கு முடிவெடுக்கக் கிடைத்தது ஒரு வாரம்.

2024-இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. அது தேர்தல் வருடம் என்பதால் ஜூலை 23-இல் வந்த முழு பட்ஜெட்டில், வீடு, மனை விற்கும்போது பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிடும் வசதியை நீக்கி, வரியை 20 சதவீதத்திலிருந்து 12.5 ஆகக் குறைத்தார்கள். பழைய வீடு வைத்திருந்தவர்கள் பலர் பதறினார்கள். அவையிலும் வெளியிலும் எதிர்ப்பு வந்தது. ஆகஸ்ட் 7 அன்று மசோதா நிறைவேறியபோது, ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்தை விற்கும் தனிநபர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தம் வந்திருந்தது. நடுவில் இருந்த அந்த இரண்டு வாரத்தில், 'மசோதா இன்னும் நிறைவேறவில்லை, கொஞ்சம் பொறுங்கள்' என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னால் தைரியமாகச் சொல்ல முடிந்தது. பின்தொடர்வதால் கிடைக்கும் பலன் இதுதான்.

ஆகவே என் முதல் சிபாரிசு: நிதி மசோதாவின் அறிமுகமான வடிவத்தையும் மக்களவை நிறைவேற்றிய வடிவத்தையும் இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாறியது எது என்று அங்கேதான் தெரியும்.

நிலுவை மசோதாக்களுக்கு பிஆர்எஸ் பக்கம்தான் எனக்கு முதல் நிறுத்தம். ஒரு மசோதாவைத் திறந்தால் எந்த அவையில் எப்போது அறிமுகமானது, ஆய்வுக்காக எம்.பி.க்கள் குழுவுக்குப் போனதா, அறிக்கை வந்ததா என்று தேதிவாரியாக இருக்கும். சுருக்கமும் எளிமையான ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நீண்டநாள் ஆசை. தினம் திறந்து பார்க்கத் தேவையில்லை. கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் அரசு எடுத்துக்கொள்ளப்போகும் மசோதாக்களின் உத்தேசப் பட்டியல் வெளியாகும். அதை எடுத்து, நமக்கு வேண்டியதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

ஆனால் பட்டியலை நம்பி உட்கார முடியாது. ஆன்லைன் விளையாட்டு மசோதா 2025 ஆகஸ்ட் 20 அன்று அறிமுகமாகி அன்றே மக்களவையில் நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, அதற்கு மறுநாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல். படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை. மகளிர் இடஒதுக்கீடு மசோதாவோ 2010 மார்ச் 9-இல் மாநிலங்களவையில் நிறைவேறியும் மக்களவையில் எடுக்கப்படாமலே கிடந்து, 2014-இல் அந்த அவை கலைந்ததும் காலாவதியானது. மக்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா அவை கலைந்தால் போய்விடும். மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்பது போகாது. தேர்தல் வருடத்தில் இந்த விதி நினைவில் இருந்தால் பல செய்திகள் எளிதில் புரியும்.

குழுவுக்குப் போகும் மசோதாவைப் பின்தொடர்வதில்தான் எனக்கு உண்மையான திருப்தி. புதிய வருமான வரி மசோதா 2025 பிப்ரவரி 13-இல் அறிமுகமாகி, அதை ஆராய்வதற்கென்றே அமைத்த 31 எம்.பி.க்கள் கொண்ட தேர்வுக் குழுவுக்குப் போனது. ஜூலையில் வந்த அறிக்கையில் 285 பரிந்துரைகள். அதை வரிவரியாகப் படித்தேன். ஒரு வாசகத்தில் விட்டுப்போன சொல்லால் சாதாரண வரிதாரருக்கு என்ன சிக்கல் வரும் என்று யோசித்துத் திருத்தச் சொல்லியிருந்தார்கள். ஆகஸ்ட் 8-இல் பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, 11-இல் புதியதை அறிமுகம் செய்து அன்றே மக்களவையில் நிறைவேற்றினார்கள். அவையில் விவாதமே இல்லை என்பது வருத்தம்தான். குழுவில் நடந்த வேலை அதை ஓரளவு ஈடுகட்டியது. ஆனால் இப்படிக் குழுவுக்குப் போகும் மசோதாக்கள் குறைந்துவிட்டன. 15-வது மக்களவையில் (2009-14) 71 சதவீதம் போயின. 17-வது மக்களவையில் (2019-24) 16 சதவீதம்தான். இது என்னைக் கவலைப்பட வைக்கிறது.

பட்ஜெட் தளத்துக்கு வருகிறேன். தலைப்புச் செய்தியில் வரும் தொகை 'பட்ஜெட் மதிப்பீடு', அதாவது வரும் ஆண்டுக்கான உத்தேசக் கணக்கு. அதற்குப் பக்கத்தில் முந்தைய ஆண்டின் 'திருத்திய மதிப்பீடு', அதாவது நடுவில் சரிசெய்த கணக்கு, இருக்கும். செலவான உண்மைத் தொகை இரண்டு ஆண்டு கழித்து வரும். மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் 'கூட்டினார்கள், குறைத்தார்கள்' என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. 100 நாள் வேலைத் திட்டத்துக்கு 2023-24 பட்ஜெட்டில் ஒதுக்கியது 60,000 கோடி ரூபாய். அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு 86,000 கோடி. அடுத்த பட்ஜெட்டிலும் அதே 86,000 கோடி. இதை உயர்வு என்றும் சொல்லலாம், அசையவில்லை என்றும் சொல்லலாம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நடுவில் கூடுதல் பணம் துணை மானியக் கோரிக்கை (கூடுதல் செலவுக்கு அரசு நாடாளுமன்றத்திடம் கேட்கும் அனுமதி) வழியாக வருவதால், டிசம்பர் மாதத்தையும் விடக்கூடாது.

பட்ஜெட் விவாதத்தை நேரலையில் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நிதி அமைச்சரின் பதிலுரையைப் பாருங்கள், மற்றதைப் பிறகு எழுத்தில் படியுங்கள். ஒவ்வொரு அமைச்சகமும் தன் செலவுக்கு அவையின் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கைகளில் சில துறைகளைத்தான் மக்களவை எடுத்து விவாதிக்கும். மீதியை எல்லாம் கடைசி நாளில் ஒட்டுமொத்தமாக வாக்குக்கு விட்டுவிடுவார்கள். கில்லட்டின் என்று அதற்குப் பெயர். 2018-இலும் 2023-இலும் ஒரு துறைகூட விவாதிக்கப்படவில்லை. 2023 மார்ச் 23 அன்று சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவுத் திட்டம் அமளிக்கு நடுவே அப்படித்தான் நிறைவேறியது. வரி கட்டும் ஒருவனாக எனக்கு இது பொறுக்கவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதைக் கேட்க வேண்டும்.

அவையில் கிடைக்காதது நிலைக்குழு அறிக்கையில் கிடைக்கும். இரு அவைகளையும் சேர்ந்த 31 உறுப்பினர்கள் கொண்ட 24 துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் இவை பரிசீலிக்கும். கேட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு, போன வருடம் ஏன் செலவழிக்கவில்லை என்று அதிகாரிகளைக் கேட்டு வாங்கிய பதில் அதில் அச்சாகியிருக்கும். இவ்வளவு நல்ல ஆவணத்தை இவ்வளவு குறைவான பேர் படிப்பது எனக்கு ஆச்சரியம்தான்.

சன்சத் இணையதளத்தின் கேள்வி பதில் பகுதியும் அருமை. நட்சத்திரமில்லாக் கேள்விகளுக்கு எழுத்தில் தரும் பதில்களில் மாநிலவாரிப் புள்ளிவிவரம் கொட்டிக் கிடக்கும். உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி என்று தேடலாம். 'பரிசீலிக்கிறோம்' என்கிற மாதிரி பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். அது உறுதிமொழியாகப் பதிவானால் மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும்; அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது.

தொடங்குகிறவர் நாடாளுமன்றம் முழுவதையும் பிடிக்க நினைக்க வேண்டாம். விவசாயம், கல்வி, ரயில்வே, எதுவானாலும் ஒரு அமைச்சகம். அதன் மானியக் கோரிக்கை பற்றிய நிலைக்குழு அறிக்கை ஒன்று. அடுத்த வருடம் அதே குழு வெளியிடும் நடவடிக்கை அறிக்கையை எடுத்து, எந்தப் பரிந்துரையை அரசு ஏற்றது, எதைத் தள்ளியது என்று பாருங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.