புரூஃப் செட்டா, யூஎன்சி செட்டா, பழைய வெள்ளிப் பத்து ரூபாயா?

நாணயம் சேர்க்க ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி இது. காசை எதில் போடுவது? பெட்டியில் பளபளவென்று வரும் புரூஃப் செட்டிலா, அதே நாணயங்களைக் கொஞ்சம் மலிவாகத் தரும் யூஎன்சி செட்டிலா, இல்லை 1969, 1972-ல் நினைவு நாணயமாக வந்தது மாதிரியான பழைய வெள்ளிப் பத்து ரூபாயிலா? என் ஓட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்கு அழகாக வேண்டும் என்றால் புரூஃப், போட்ட பணம் கரையக்கூடாது என்றால் பத்து ரூபாய்.

புரூஃபுக்கும் யூஎன்சிக்கும் உலோகத்திலோ எடையிலோ வித்தியாசம் கிடையாது, அடிக்கும் விதம்தான் வேறு. புரூஃபுக்கு அச்சையும் தகட்டையும் நன்றாக மெருகேற்றி ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிப்பார்கள், அதனால் பின்புலம் கண்ணாடி மாதிரியும் உருவம் லேசாகப் பனி படர்ந்த மாதிரியும் இருக்கும். யூஎன்சி என்பது புழக்கத்துக்குப் போகாத புதுக் காசு, அவ்வளவுதான். மும்பையில் அடித்தது என்றால் லென்ஸ் வைத்து வருடத்துக்குக் கீழே பாருங்கள்: யூஎன்சியில் சின்ன வைர வடிவம் இருக்கும், புரூஃபில் எழுத்து இருக்கும், பழையதில் 'பி', 1996-க்குப் பிறகு 'எம்'. யூஎன்சியை மெருகேற்றிப் புரூஃப் விலை சொல்பவரிடம் இந்த ஒரு குறியே போதும், பேச்சு முடிந்துவிடும்.

வருடம்தான் நிறையப் பேரைக் குழப்புகிறது. காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயில் 1869-1948 என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு 'எங்க தாத்தா காலத்துக் காசு, 1948-ல வந்தது' என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. அது காந்தி பிறந்த, மறைந்த ஆண்டுகள், காசு வெளிவந்தது 1969-ல். 1964-ல் வந்த நேரு ரூபாயிலும் இப்படித்தான், 1889-1964. இதற்கு நேர்மாறான சிக்கல் பிரிட்டிஷ் இந்தியக் காசுகளில் இருக்கிறது. காசில் இருப்பது என்னவோ பழைய வருடம்தான், ஆனால் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்தில் மறுபடி அடித்துக் கொடுத்த பிரதிகளும் சந்தையில் உண்டு, விலையோ அசலுக்கும் பிரதிக்கும் ரொம்ப தூரம். அப்புறம், இப்போதைய நினைவு நாணயங்களில் விழா நடந்து வெகுநாள் கழித்துத்தான் நாணயச்சாலை செட்டை விற்பனைக்கு விடுவதும் உண்டு, ஆகவே பில்லில் ஒரு வருடம், காசில் வேறு வருடம் என்றால் உடனே போலி என்று பயப்பட வேண்டாம்.

மதிப்புக்கு வருவோம். முதலில் வெள்ளியைக் கணக்குப் போடுங்கள், பெட்டி, வெல்வெட் எல்லாம் அப்புறம். நூறு ரூபாய் நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை 35 கிராம், அதில் வெள்ளி 50 சதவீதம், அதாவது 17.5 கிராம். கையில் வைத்தால் கனமாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது, பாதி செம்பும் மற்றதும். காந்தி பத்து ரூபாய் வெறும் 15 கிராம், ஆனால் 80 சதவீதம், அப்போதே 12 கிராம் வெள்ளி வந்துவிட்டது. 1972-ல் வந்த சுதந்திர வெள்ளி விழாப் பத்து ரூபாய் அதைவிடப் பெரிசு, வெள்ளியோ 50 சதவீதம்தான். 2024-ல் ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டுக்கு வந்ததோ 40 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பார்த்து, அதற்கு மேல் எவ்வளவு கேட்கிறார்களோ அது பெட்டிக்கும் அரிதுக்கும் ஆசைக்கும் கொடுக்கும் பணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி பத்து ரூபாய் லட்சக்கணக்கில் அடித்தது, அதில் அரிது என்று பெரிதாக ஒன்றுமில்லை, அதனாலேயே விலையும் பெரும்பாலும் வெள்ளியை ஒட்டியே நிற்கிறது. ஆனால் அதே காந்தி காசு 1969 புரூஃப் செட்டில் முழுசாக இருந்தால் கதை வேறு.

புரூஃபின் பலவீனம் நம் ஊர்க் காற்று. கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் கண்ணாடிப் பின்புலம் சீக்கிரம் மங்கும், விரல் ரேகை பட்டால் போகவே போகாது. வீட்டு வெள்ளிச் சாமானைத் துடைப்பது போல விபூதி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும்தான், விலையில் பெரும்பகுதி அந்தத் துணியோடு போய்விடும். பத்து ரூபாய்க்கு அந்தக் கவலை குறைவு, கறுத்தாலும் வெள்ளி வெள்ளிதான். அதையும் தேய்க்காதீர்கள்.

புதுச்சேரிக்காரர்கள் இன்னொன்றையும் காட்டுவார்கள், பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஈரோ செட். அட்டையில் 'பே.யு' (BU) என்று இரண்டு எழுத்து இருந்தால் அது புரூஃப் அல்ல, நம் யூஎன்சிக்குக் கொஞ்சம் மேலே. புரூஃப் என்றால் 'பே.ஏ' (BE) என்று இருக்கும். ஈரோ காசு கைக்கு வந்தது 2002-ல்தான், ஆனால் பிரெஞ்சுக் காசுகளில் 1999 முதலே வருடம் இருக்கும், அதை அரிய பிழை என்று சொல்லி விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

புதுச்சேரிக்கு என்றே ஒன்று வேண்டும் என்றால் ஸ்ரீ அரவிந்தர் நாணயங்கள் இருக்கின்றன, 1998-ல் வந்தது ஒன்று, 150-வது பிறந்த ஆண்டுக்காக 2022 டிசம்பரில் பிரதமர் வெளியிட்டது இன்னொன்று. இதில் மட்டும் நான் வெள்ளிக் கணக்குப் பார்க்கமாட்டேன், புரூஃபே வாங்குவேன்.