ஆயிரம் ரூபாயா, கட்டணமில்லா பஸ்ஸா?

விடிந்தும் விடியாத நேரம். பூக்கூடையோடு ஒரு அம்மா டவுன் பஸ்ஸில் ஏறுகிறார். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுக்கிறார். ரேஷன் அட்டை கேட்கவில்லை, வருமானச் சான்றும் கேட்கவில்லை. 2021 மே மாதம் தொடங்கிய விடியல் பயணத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏழை என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

மகளிர் உரிமைத் தொகையின் வழி வேறு. 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்கில் ஏறுகிறது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடக் கூடாது. நிலத்துக்கும் காருக்கும் தனி நிபந்தனைகள். முதல் சுற்றில் விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடிப் பேர், தேர்வானவர்கள் 1.06 கோடி.

விடுபட்ட 57 லட்சம் பேரும் வசதிக்காரர்களா? நம்ப முடியவில்லை. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் யூனிட் கணக்கு தானாக ஏறிவிடும். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், சரி. அதற்காக இ-சேவை மையத்துக்கு அலைகிற நாளில் கூலி போய்விடுகிறதே!

அதற்காகப் பணம் கொடுப்பதே தவறு என்று சொல்ல மாட்டேன். பஸ் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநில திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கையில் வரும் ஆயிரத்தை கேஸ் சிலிண்டருக்கோ மாமியாரின் மாத்திரைக்கோ சீட்டுக் கட்டவோ அவரே ஒதுக்கலாம். அந்த உரிமை பஸ் சீட்டில் இல்லை. அதோடு, காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று பஸ் வருகிற ஊர்க்காரப் பெண்ணுக்கு விடியல் பயணத்தால் என்ன பெரிதாக மிஞ்சும்?

எல்லோருக்கும் கொடுத்தால் பணக்காரரும் வாங்குவாரே என்பார்கள். கார் வைத்திருப்பவர் கூட்ட நெரிசலில் டவுன் பஸ் ஏற வருவதில்லை. ரேஷனிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி வேண்டாதவர்கள் தாங்களாகவே சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொண்டார்கள்.

ஆனால் அரிசியை விட்டுக்கொடுத்தது மாதிரி ரொக்கத்தை யாரும் தானாக வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. முதல் சுற்றில் விடுபட்ட அத்தனை பேருக்கும் கொடுத்தால் வருடத்துக்கு 6,840 கோடி ரூபாய் கூடுதலாக வேண்டும். சின்னத் தொகை இல்லை. அதனால் என் யோசனை இது: வருமான வரி கட்டுகிறவர்கள் யார் என்பது அரசிடம் ஏற்கெனவே இருக்கிற விவரம். அவர்களை மட்டும் கழித்துவிட்டு, யூனிட் கணக்கையும் ஏக்கர் கணக்கையும் எடுத்துவிடட்டும். அலைச்சல் அரசுக்கு இருக்கட்டும், அந்த அம்மாவுக்கு வேண்டாம்.