நெதர்லாந்து வம்சாவளி தேடித் தருகிறோம் என்று காசு கேட்கிறார்களா? உஷார்!

என் மாமனார் நெதர்லாந்தின் வடக்கே உள்ள கிரோனிங்கன்காரர், எண்பது வயதாகிறது. அவருடைய முன்னோர்களைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் 400 யூரோ வாங்கிக்கொண்டு, 1600கள் வரை போகிற வம்சாவளியும் ஒரு குலச்சின்னமும் அழகாக அச்சடித்துக் கொடுத்தார். கப்பல் வியாபாரிகள் குடும்பமாம். பெரியவர் ஆசையாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

ஆதாரம் என்று ஒரு பக்கம்கூட இல்லையே என்று நானும் கணவரும் கிரோனிங்கன் பக்கத்துப் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைத் தேடும் அல்லெகிரோனிங்கர்ஸ் இணையதளத்தில் தேடினோம். மாமனாருடைய தாத்தாவின் தாத்தாவுக்கு 1837இல் நடந்த கல்யாணத்தின் பதிவு அங்கே இலவசமாகவே கிடைத்தது. மாப்பிள்ளை கூலி வேலைக்காரர், எழுதக் கற்றுக்கொள்ளாததால் கையெழுத்துப் போடவில்லை என்று அடியில் குறித்திருக்கிறார்கள். சரி, வியாபாரக் குடும்பம் நொடித்துப் போயிருக்கலாம் என்று பார்த்தால், பதிவோடு வைத்த இணைப்புக் காகிதங்களில் (பிறப்புச் சான்று, இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்று, ராணுவச் சேவைச் சான்று எல்லாம் இருக்கும்) அவருடைய அப்பா 1821இலேயே இறந்துவிட்டார். அச்சடித்துக் கொடுத்ததிலோ அப்பா 1845 வரை உயிரோடு இருக்கிறார்! யாரோ ஒரு பணக்காரரை அப்பாவாக ஒட்டியிருக்கிறார்கள்.

இப்படி ஒட்டுவது அங்கே சுலபம். 1811இல் நெப்போலியன் ஆட்சி ஆணை போடும்வரை அந்தப் பக்கத்தில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, நம்மைப் போல அப்பா பெயர்தான். அப்புறம் மூல்டர் (மாவு அரைப்பவர்), பக்கர் (ரொட்டி சுடுபவர்) என்று சம்பந்தமே இல்லாத பல குடும்பங்கள் ஒரே பெயரை வைத்துக்கொண்டன. பெயர் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து ஒரு தலைமுறையைத் தாண்டினால் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். அதைத் தடுக்க உதவுபவை அந்த இணைப்புக் காகிதங்கள்தான், அவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல் காசு வாங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ஆராய்ச்சியில் ஊகம் இருக்கத்தான் செய்யும் என்று ஒரு வரிப் பதில். அதற்குமேல் பேச்சே இல்லை.

யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு தலைமுறைக்கும் திருமணப் பதிவின் எண், ஊர், ஆண்டு, ஸ்கேன், கூடவே இணைப்புக் காகிதங்கள், எல்லாம் கேளுங்கள். 75 ஆண்டு கடந்த திருமணப் பதிவுகள் பொதுவில் திறந்தவை, கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. வீவாஸ்வீ, ஓபன் ஆர்க்கைவ்ஸ், ஃபேமிலிசர்ச் என்ற மூன்று இணையதளங்களிலும் காசில்லாமல் தேடலாம். குலச்சின்னம் சேர்த்துத் தருகிறேன் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

மாமனாரே அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டார். ராணுவச் சான்றில் அந்தக் கூலிக்காரரின் உயரம், கண்ணின் நிறம், மூக்கின் அமைப்பு வரை எழுதியிருக்கிறது. அதைத்தான் பிரதி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.